சீன மொழிக்காரருக்கு 'டேக்' கற்றுக்கொடுப்பது எப்படி?

சீனக் கல்வி அமைச்சகம் 2001இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைத் தொடங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி முடிந்ததும் 'காவ்காவ்' என்னும் நுழைவுத் தேர்விலும் ஆங்கிலம் உண்டு. கல்லூரிக்குப் போனால் 1987 முதல் நடந்துவரும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு காத்திருக்கும். ஆக, உங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் சீனப் பொறியாளர் பத்து வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் படித்தவர். கடினமான சொற்கள் அவருக்கு நிறையவே தெரியும். இருந்தும் ஷிஃப்ட் மாறும்போது 'ஐ வில் டேக் ஓவர்' என்ற நான்கு சொல் அவர் வாயில் வருவதில்லை. 'ஐ வில் கன்டின்யூ யுவர் வொர்க்' என்கிறார். சிக்கல் பெரிய சொற்களில் இல்லை, 'டேக்' போன்ற சின்ன வினைகளில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர், மலேசிய அலுவலகங்களில் சீன மொழி பேசுபவர்களோடு வேலை செய்யும் தமிழர்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தைவான் நிறுவனப் பொறியாளர்களோடு தினம் பேச வேண்டியவர்கள், ஆங்கிலப் பயிற்சியையே தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரை. ஒரே ஒரு வினையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்துவிட்டால், 'மேக்', 'கெட்', 'கிவ்' எல்லாவற்றுக்கும் அதே வழிதான்.

ஏன் 'டேக்'?

1999இல் வந்த லாங்மன் ஆங்கில இலக்கண நூல், மிக அதிகமாகப் பயன்படும் வினைகள் என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டது. 'டேக்' அதில் ஒன்று. இது ஆங்கிலத்தின் பழைய சொத்துகூட இல்லை. ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தில் அவர்களுடைய மொழியிலிருந்து வந்து, அங்கே ஏற்கெனவே புழங்கிய 'நிமன்' என்ற சொல்லைத் துரத்திவிட்டது. அதன் பிறகு மருந்து, பஸ், விடுப்பு, தேர்வு, பொறுப்பு, நேரம் என்று கண்ட இடமெல்லாம் புகுந்துகொண்டது.

அதனால் அகராதியைத் திறந்து 'டேக்' என்றால் என்ன பொருள் என்று தொடங்குவது வீண் வேலை. சீன அகராதியில் முதலில் வருவது 'நா' என்ற வினை. கையால் எடு என்று பொருள். அந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு 'டேக் அ பிரேக்' என்பதைக் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. 'டேக்' எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்கிறதோ அதிலிருந்துதான் பொருளைப் பெறுகிறது. எனவே தனியாகச் சொல்லித்தராதீர்கள். துணைச் சொல்லோடு சேர்த்து, ஒரே சொல்லைப் போலச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். மீதி எல்லாம் அதை நடைமுறைப்படுத்தும் வழிகள்.

ஒரு மடல், நான்கு பிழைகள்

வழக்கமாக வரும் பிழைகளைத் திரட்டி ஒரு மாதிரி மடல் எழுதிப் பார்ப்போம். வேலையை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகும் சக ஊழியருக்குச் சீனப் பொறியாளர் எழுதுகிறார்:

"த மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ் எஸ்டர்டே. ஐ வில் கன்டின்யூ யுவர் வொர்க் ஃப்ரம் டுமாரோ. இட் வில் ஸ்பெண்ட் மீ டூ டேஸ். ஆன் ஃப்ரைடே ஐ வில் பிரிங் த சாம்பிள் டு த கஸ்டமர்ஸ் ஆஃபீஸ்."

சொல்ல வந்தது புரிகிறது. ஆனால் நான்கு வாக்கியத்திலும் ஏதோ ஒன்று இடறுகிறது. திருத்திய வடிவம் இது:

"த மீட்டிங் டுக் பிளேஸ் எஸ்டர்டே. ஐ வில் டேக் ஓவர் ஃப்ரம் டுமாரோ. இட் வில் டேக் மீ டூ டேஸ். ஆன் ஃப்ரைடே ஐ வில் டேக் த சாம்பிள் டு த கஸ்டமர்ஸ் ஆஃபீஸ்."

நான்கு இடத்திலும் 'டேக்'தான் மருந்து. ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்தால் திருத்துவது சுலபம்.

முதல் பிழை செயப்பாட்டு வினை. கூட்டம் தானாக நடக்காது, யாரோ நடத்தினார்கள் என்ற தர்க்கத்தில் 'வாஸ்' சேர்ந்துகொள்கிறது. 'டேக் பிளேஸ்' செயப்பாட்டில் வராது என்பது சீனப் பாடப்புத்தக விதிதான். தேர்வுத்தாளில் சரியாகப் போட்டவர் மடலில் தவறவிடுகிறார். அவருக்கு வேண்டியது புது விதி இல்லை, பழக்கம்.

இரண்டாவது பிழை எனப்படுவது உண்மையில் தயக்கம். இதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது, நேரம். சீனத்தில் பணம் செலவழிந்தாலும் நேரம் செலவழிந்தாலும் 'ஹுவா' என்ற ஒரே வினை போதும். ஆங்கிலத்திலோ 'ஸ்பெண்ட்', 'காஸ்ட்', 'பே', 'டேக்' என்று நான்கு. இந்த நால்வருக்கும் உள்ள வேறுபாடு சீன நடுநிலைப் பள்ளி இலக்கணத்தின் தவறாத பாடம். ஆளை எழுவாயாக வைத்தால் 'ஸ்பெண்ட்', 'பே'. பொருளை வைத்தால் 'காஸ்ட்'. 'இட்' என்று தொடங்கி நேரத்தைச் சொன்னால் 'டேக்'. 'இட் டேக்ஸ்' என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் மீதி வாய்பாட்டை அவரே சொல்லி முடிப்பார். அவருக்குத் தெரிந்ததைத் தூசு தட்டிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

நான்காவது, திசை. இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'டாய்' என்ற சீன வினை கொண்டு என்பதைப் போல. அதோடு 'லாய்' சேர்ந்தால் கொண்டு வா, 'ச்யூ' சேர்ந்தால் கொண்டு போ. நம் மொழியும் அதே கட்டுமானம்தான். ஆங்கிலம் மட்டும் திசையை வினைக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறது: வருவது 'பிரிங்', போவது 'டேக்'. 'டாய் லாய்' என்றால் 'பிரிங்', 'டாய் ச்யூ' என்றால் 'டேக்' என்று பலகையில் இரண்டே வரி எழுதுங்கள். இலக்கண விளக்கம் எதுவும் வேண்டாம்.

மூன்று மொழிகளை அருகருகே வையுங்கள்

அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் தொடர்களை எடுத்து, சீனத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். எங்கே தடுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மருந்து: சீனத்தில் 'ச்சி யாவ்', அதாவது மருந்தைச் சாப்பிடு. நாமும் மாத்திரை சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறோம். 'ஈட் மெடிசின்' என்பதைச் சிங்கப்பூரில் இன்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் 'டேக்'.

பஸ், ரயில்: 'ஸுவோ ச்சே', அதாவது வண்டியில் உட்கார். நாம் பஸ் பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் 'டேக் த பஸ்'.

விடுப்பு: 'ச்சிங் ஜியா', அதாவது விடுப்புக் கேள். அதனால்தான் 'ஐ ஆஸ்க் லீவ் டுமாரோ' என்று மடல் வருகிறது. கேட்பது ஒரு செயல், எடுப்பது இன்னொரு செயல் என்று பிரித்துக் காட்டுங்கள். அனுமதி கிடைத்த பிறகு 'ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்'.

தேர்வு: 'காவ் ஷி' என்பது பெயராகவும் வினையாகவும் தனித்தே நிற்கும். கலந்துகொள் என்ற பொருளுள்ள வினையையும் முன்னால் சேர்ப்பார்கள். அதனால் 'ஜாயின் த எக்ஸாம்' என்று வருகிறது. ஆங்கிலத்தில் 'டேக் த எக்ஸாம்'.

இருக்கை: 'யோ ரென் மா?' என்று கேட்பார்கள். பஸ்ஸில் நாம் கேட்கும் "இங்க ஆள் இருக்கா?" என்பதேதான். ஆங்கிலத்தில் 'இஸ் திஸ் சீட் டேக்கன்?'

குறிப்பு: 'ஜி பி ஜி', அதாவது குறிப்பைப் பதிவுசெய். நாம் குறிப்பு எடுக்கிறோம். ஆங்கிலத்திலும் 'டேக் நோட்ஸ்'.

கடைசி வரியில்தான் தமிழ்ப் பயிற்சியாளர் கவனமாக இருக்க வேண்டும். குறிப்பு எடு, போட்டோ எடு, லீவு எடு, ஓய்வு எடு என்று நம் பேச்சு ஆங்கிலத்தோடு அப்படியே ஒத்துப்போகும் இடங்களில் நமக்கு எந்தச் சிரமமும் தோன்றாது. தோன்றாததால் விளக்காமல் தாண்டிவிடுவோம். சீன மாணவர் தடுமாறுவது அங்கேதான். உங்களுக்குச் சர்வசாதாரணமாகப் படும் தொடருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

கூட்டத்தில் காதில் விழும் ஐந்து தொடர்கள்

வேலையில் 'டேக்' உண்மையாகத் தேவைப்படுவது இங்கேதான்.

'டேக் ஓவர்': ஒருவரிடமிருந்து வேலையைப் பொறுப்பாக வாங்கிக்கொள்வது. சீனத்தில் 'ஜியே ஷோ'. ஏற்றல், கை என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும், உடனே பிடித்துக்கொள்வார்.

'டேக் ஆன்': புதிய பொறுப்பை, புதிய வேலையை ஏற்றுக்கொள்வது. 'டேக் ஓவர்' என்றால் அந்த வேலை நேற்றுவரை வேறொருவரிடம் இருந்தது. 'டேக் ஆன்' என்பதில் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாடு ஒப்படைப்பு மடல்களில் முக்கியம்.

'டேக் கேர் ஆஃப்': குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்வது என்ற பொருளில்தான் பள்ளியில் படித்திருப்பார். 'ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் திஸ் இன்வாய்ஸ்' என்று மேலாளர் எழுதினால், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்துவிடலாம். அதற்குப் பொருள், இதை முடித்துவிடுங்கள் என்பது. பணம் போய்ச் சேராமல் நின்றுபோகக்கூடிய இடம் இது. அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

'லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்': இணையத்தைத் துண்டிக்கச் சொல்லவில்லை. இந்த விஷயத்தை இந்தக் கூட்டத்தில் வேண்டாம், பிறகு தனியாகப் பேசுவோம் என்று பொருள். கூட்டம் முடிந்ததும் யார் யாரோடு பேசப்போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

'டேக் யுவர் டைம்': சீனத்தில் 'மான் மான் லாய்', மெல்ல மெல்ல வா. அவசரம் இல்லை என்ற ஆறுதல்தான். கெடு தேதி தள்ளிப்போய்விட்டதாக அர்த்தம் இல்லை. கெடுவும் இருந்தால் மேலாளர் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, முன்பு விட்டுவைத்த தயக்கத்துக்கு வருவோம். சீன மாணவர்கள் இப்படிப்பட்ட கூட்டு வினைகளைத் தவிர்க்கிறார்களா என்று லியாவ், ஃபுகுயா என்ற இரு ஆய்வாளர்கள் பரிசோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இடைநிலை மாணவர்கள் கூட்டு வினையை விட்டு ஒற்றைச் சொல்லையே அதிகம் நாடினார்கள். உயர்நிலை மாணவர்களிடம் அந்தத் தயக்கம் குறைந்திருந்தது. இது ஆளின் குறை இல்லை, படிப்பின் ஒரு கட்டம் என்று அந்த முடிவைப் படிக்கலாம். தெரிந்த ஒற்றைச் சொல்லால் பிழையில்லாமல் சமாளிக்க முடியும்போது யார்தான் புதிதாக ஒன்றைத் தொடுவார்? அந்தக் கட்டத்தைத் தாண்ட, பிழை செய்தாலும் பரவாயில்லை என்ற தைரியம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அதைக் கொடுப்பது உங்கள் கையில்.

காலமும் ஒலியும்

சீன வினைக்குக் கால விகுதி கிடையாது. நேற்று, நாளை என்ற சொல்லே காலத்தைக் காட்டிவிடும். செயல் முடிந்தது என்று சொல்ல 'ல' என்ற ஒட்டு வரும். அதனால் 'எஸ்டர்டே ஐ டேக்' என்பது அவருக்கு முழுமையான வாக்கியம். காலச் சொல்லை அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார் என்பதை உங்களுக்குச் சாதகமாக்குங்கள். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று தொடங்கினால் 'டுக்'; 'ஹேவ்', 'ஹேஸ்' வந்தால் 'டேக்கன்'. இந்த இரண்டு இணைப்பையும் வாய்ப்பழக்கமாக்கினால் பெரும்பாலான பிழைகள் நின்றுவிடும்.

அடுத்தது ஒலி. மாண்டரின் அசைகள் உயிரிலும், 'ன்', 'ங்', 'ர்' ஆகியவற்றிலும் மட்டுமே முடியும். 'க்' என்று முடியும் அசை அதில் இல்லை. அதனால் 'டேக்' என்பதில் கடைசி ஒலி விழுந்துவிடும், அல்லது பின்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். நாமும் 'டேக்கு' என்று உகரம் சேர்ப்பவர்கள்தான். இருவரும் சேர்ந்தே திருத்திக்கொள்ளலாம். எளிய வழி, உயிரில் தொடங்கும் சொல்லோடு இணைத்துச் சொல்லவைப்பது: 'டேகிட்', 'டேகோவர்', 'டேகான்'. ககரம் அடுத்த அசைக்குத் தாவிவிடுவதால் நாக்குக்குச் சிரமம் இல்லை. கான்டனீஸ் அல்லது ஹொக்கியன் பேசுபவர் என்றால் அந்த மொழிகளில் 'க்' என்று முடியும் அசைகள் உண்டு. அவருக்கு இந்தப் பயிற்சியே தேவைப்படாமல் போகலாம். முதல் நாளே வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

நாற்பது நிமிட வகுப்பு

1. முதல் ஐந்து நிமிடம்: அவர் அந்த வாரம் எழுதிய மடல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரகசியத் தகவல் இருந்தால் பெயர்களையும் எண்களையும் அழித்துவிடட்டும்.

2. அடுத்த பத்து நிமிடம்: 'டேக்' வரக்கூடிய இடங்களை அவரே அடிக்கோடிடட்டும். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

3. அடுத்த பத்து நிமிடம்: ஐந்து தொடர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சீனத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சீனத் தொடருக்குப் பக்கத்தில் ஆங்கிலத் தொடரை முழுதாக எழுதுங்கள். 'டேக்' என்று தனியாக எழுதவே வேண்டாம்.

4. அடுத்த பத்து நிமிடம்: ஒப்படைப்பு உரையாடல். ஒருவர் ஊருக்குப் போகிறார், இன்னொருவர் ஏற்கிறார். யார் ஏற்பது, எத்தனை நாள் ஆகும், எதை எங்கே கொண்டுபோவது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வர வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறுங்கள்.

5. கடைசி ஐந்து நிமிடம்: அதே மடலை மறுபடி எழுதட்டும். அடுத்த நாள் அதை உண்மையாகவே அனுப்பட்டும்.

ஒரு வகுப்புக்கு ஐந்து தொடருக்கு மேல் வேண்டாம். ஐம்பது தொடர் மனப்பாடம் செய்யும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. புழக்கத்துக்கு வராததுதான் குறை.

இன்னொன்று. பிறர் முன்னிலையில் திருத்தாதீர்கள். 'மியென்ஸு', அதாவது முகம், சீனச் சமூகத்தில் பெரிய விஷயம். கூட்டத்தில் நாலு பேர் எதிரில் பிழையைச் சுட்டினால், அடுத்த கூட்டத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். தனியாகச் சொல்லுங்கள், முடிந்தால் எழுதியே கொடுங்கள்.

முதலில் நம்மைச் சரிசெய்வோம்

பரீட்சை எழுதுகிறோம் என்பதால் நம் ஆங்கிலத்தில் 'ரைட் த எக்ஸாம்' வந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு 'டேக் லஞ்ச்' என்கிறோம்; இன்றைய பொது வழக்கு 'ஹேவ் லஞ்ச்'. விடுப்புக்கு 'ஐ ஆம் ஆன் லீவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஐ புட் லீவ்' என்று எழுதுபவர்களும் உண்டு. இவையெல்லாம் ஊருக்குள் செல்லுபடியாகும். ஆனால் மாணவர் உங்களிடமிருந்து கற்றதை நாளை ஓர் ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு எழுதப்போகிறார். நீங்கள் சொல்லித்தரும் ஒவ்வொரு தொடரையும் நல்ல மாணவர் அகராதி ஒன்றில் சரிபார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஏ.எஸ். ஹார்ன்பி தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதற்கென்றே பிறந்தது; ஜப்பானிய மாணவர்களுக்காக 1942இல் டோக்கியோவில் வெளிவந்த நூல்தான் அதன் மூலம். எந்த வினை எந்தச் சொல்லோடு எப்படிச் சேரும் என்று காட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது.

வேலைவாய்ப்பு எங்கே?

இதைத் தொழிலாக எடுக்க விரும்புபவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த 'இரட்டைக் குறைப்பு'க் கொள்கை, பள்ளிக் குழந்தைகளுக்கான லாப நோக்கத் தனிப்பயிற்சியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டில் இருந்துகொண்டு சீனக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களை நிறுவனங்கள் அமர்த்துவதையும் தடுத்தது. அந்தச் சந்தையை நம்பி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சீனாவுக்கே போய் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே சாதகமானது.

திறந்திருப்பது பெரியவர்களுக்கான பணியிட ஆங்கிலம். தைவான் 2030க்குள் இருமொழித் திறனை வளர்க்கும் திட்டத்தை 2018இல் அறிவித்தது. சிங்கப்பூரில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் நான்கும் ஆட்சிமொழிகள். அலுவலக மொழி ஆங்கிலம். சீனாவிலிருந்து அங்கே வேலைக்கு வருபவர்களுக்கு இந்தப் பயிற்சி அன்றாடத் தேவை. கேம்பிரிட்ஜின் செல்டா போன்ற சான்றிதழ் ஒன்றைப் பெறுங்கள். கூடவே மாண்டரினில் அடிப்படை அளவு பேசப் பழகுங்கள். மாணவரின் மொழி கொஞ்சமாவது தெரிந்த ஆசிரியருக்குப் பிழையின் வேர் தெரியும். தெரியாதவருக்குப் பிழை மட்டுமே தெரியும்.

நாளைக்கே தொடங்கலாம். உங்கள் சீனச் சக ஊழியர் அனுப்பிய கடைசி மடலைத் திறந்து, 'டேக்' வர வேண்டிய ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சரியான தொடரை எழுதி, அதற்கு உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு கேள்வியையும் சேர்த்துத் தனியாக அனுப்புங்கள். அவருக்கு ஒரு தொடர் கிடைக்கும், உங்களுக்கு ஒரு சீனச் சொல் கிடைக்கும். வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரே வருடத்தில் இருவருடைய வேலையும் எளிதாகும்.